பதினேழாவது பிரிவு

போரா காற்று வீசும் நாட்களில்
திரியெஸ்தே நகரத் தெருமுனைகளில்
முன்பெல்லாம் கயிறு கட்டிவிடுவார்களாம்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
இப்போது செல்பேசியில் எச்சரிக்கை வருகிறது.
மூன்றாம் மாடியில் என் மேசைக்கு
கயிறும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை,
சட்டம் மட்டும் இருக்கிறது:
தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கோர
எவருக்கும் உரிமை உண்டு.
அதன்கீழே விதிவிலக்குகள்,
தலையைவிட நீளமான வால்.

தேடுபொறி கைவிரித்த பிறகு
எங்களிடம் வருகிறார்கள்.
எஜிதியோவின் அடுமனை திவாலாகி இருபத்திரண்டு வருடம்.
கடன் தீர்ந்துவிட்டது,
செய்தி தீரவில்லை.
எந்த வங்கியில் அவர் பெயரைத் தட்டினாலும்
முதலில் வருவது
இழுத்து மூடிய அந்தக் கதவின் படம்.
பத்து நிமிடம். ஒரு முத்திரை.
மறுநாள் ரொட்டியோடு வந்து நின்றார்.
வாங்கக்கூடாது என்பது விதி.
வாசனையை வாங்கிக்கொண்டேன்.

அழித்த கையோடு
பதிவேட்டில் நான் எழுதியாக வேண்டும்:
யார், எதை, என்றைக்கு, எதற்காக.
ஆக, மறக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும்
வரிசை எண்ணோடு
என் அலமாரியில் பத்திரம்.
பூட்டு சரியில்லை என்று
இரண்டு முறை மேலிடத்துக்கு எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, எர்மான்னோவின் விண்ணப்பம்.
பதினோரு வருடத்துக்கு முந்தைய தீர்ப்புச் செய்தி.
தண்டனை முடிந்தது, வேலை மாறியது, வீடு மாறியது.
வழக்கறிஞர் எழுதியது;
ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை.

புதன்கிழமை அவள் வந்தாள்,
அந்தச் செய்தியில் 'மனைவி' என்று மட்டும் இருந்தவள்.
பெயர் நெரினா. நான் கேட்கவில்லை, சொன்னாள்.
காற்றில் கலைந்த முடியை ஒதுக்கியபோது
இடது காதின் மேல்பாதி இல்லை.
"அவனை அழித்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.
அதே படிவத்தில்
எனக்கும் ஏதாவது கட்டம் இருக்கிறதா?"

தேடிப் பார்த்தேன்.
'தரவுக்கு உரியவர்' என்று ஒரு கட்டம்.
தரவு அவனுடையது.
காது அவளுடையது.
அவளிடம் இதைச் சொல்லவில்லை,
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

மேலாளர் துல்லியோ சலித்துக்கொண்டார்:
"நாம் அழித்து என்ன?
பேசும் எந்திரங்கள் எப்போதோ படித்து முடித்துவிட்டன.
கடலில் கரைத்த பெருங்காயத்தை
எந்தச் சட்டத்தால் அள்ளுவாய்?"
சன்னலுக்கு வெளியே கடல்
ஒன்றும் அறியாததுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

வியாழன் மாலை
பத்திரிகை அலுவலகத்தின் பதில் வந்தது.
கேட்காமலேயே ஒரு கணக்கை இணைத்திருந்தார்கள்.
கடந்த ஒரு வருடத்தில்
அந்தப் பக்கம் திறக்கப்பட்டது மூன்று முறை.
இரண்டு, எர்மான்னோவின் வழக்கறிஞர்.
மூன்றாவது
போன மாதம், ஒரு ஞாயிறு, அதிகாலை இரண்டு பத்துக்கு,
இதே நகரத்திலிருந்து, ஒரு செல்பேசியில்.
கடைசி வரிவரை போயிருக்கிறது.
மீண்டும் மேலே வந்திருக்கிறது.
பதினாறு நிமிடம்.

புது வீடு என்று விண்ணப்பத்தில் படித்தபோது
சுவரும் கூரையும்தான் நினைத்திருந்தேன்.

இந்தக் கணக்கை நான் பார்த்திருக்கவே கூடாது.
முடிவில் சேர்க்க வழியில்லை:
அது இன்னொருவரின் தரவு.
அவரும் ஒருநாள் இதே படியேறி வந்து
அழிக்கச் சொல்லலாம்
அந்தப் பதினாறு நிமிடத்தை.

மறக்கவா, மறுக்கவா?
விளக்கை அணைத்துவிட்டு, கோட்டை மாட்டிவிட்டு,
திரும்ப வந்து விளக்கைப் போட்டு
ஒரே வரி எழுதினேன்:
பொது நலன் கருதி, நிராகரிக்கப்படுகிறது.

பொது என்று நான் எழுதியது
ஒரே ஓர் ஆளை.
பெயர் தெரியாது.
தெரிந்திருந்தால்
அதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.